ஷிட்ஸு வாங்குவதற்கு முன்னால் அதன் குணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

எங்கள் வீட்டு ஷிட்ஸுவின் பெயர் மணி. "நாய்னா மணிதான்" என்று என் மாமியார் ஒரே பிடியாக நின்றதால் வந்த பெயர். கிளினிக்கில் டோக்கன் கூப்பிடும்போதெல்லாம் நாலு பேர் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். இப்போது அவனுக்கு மூன்று வயது, ஐந்தரை கிலோ. வீட்டில் எல்லாரையும் விட நிம்மதியாகத் தூங்குகிறவன் அவன்தான்.

முதல் வருடம் இப்படி இல்லை. கடித்தான், அழுதான், சோபாவுக்குப் பின்னால் போய்க் கக்கா இருந்தான். பக்கத்து ஃபிளாட்காரர் அசோசியேஷனில் புகார் கொடுத்தார். "திருப்பிக் கொடுத்துடலாமா?" என்று நானும் என் வீட்டுக்காரரும் இரண்டு முறை பேசியிருக்கிறோம். தப்பு மணியிடம் இல்லை. சின்ன நாய் என்றால் சின்ன வேலை என்று நினைத்து வாங்கினோம், அதுதான் தப்பு. சென்னையில் ஃபிளாட்டில் இருந்துகொண்டு முதல்முறையாக ஷிட்ஸு வாங்க நினைப்பவர்களுக்காக, நான் தடுக்கி விழுந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. உங்கள் மனதில் இருக்கும் நாயை முதலில் மறந்துவிடுங்கள்

நம்மில் பலர் இரண்டு விதமான நாய்களைப் பார்த்து வளர்ந்தவர்கள். ஒன்று, வாசலில் படுத்துக்கொண்டு ஆள் தெரியாமல் உள்ளே விடாத நாட்டு நாய். இன்னொன்று, காலிங் பெல் அடித்தால் வீட்டையே தலைகீழாக்கும் வெள்ளைப் பொமரேனியன். ஷிட்ஸு இரண்டிலும் சேராது. காவலுக்கோ வேட்டைக்கோ உருவான இனம் இல்லை. மனிதர்களின் மடியிலும் பக்கத்திலும் இருப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டது. அதன் நல்ல குணம், தொல்லை இரண்டுக்கும் வேர் இங்கேதான்.

எங்கள் வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் போட வந்தவரை மணி முதல்முறை பார்த்ததும் என்ன செய்தான் தெரியுமா? அவர் காலடியில் மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டினான். அவரும் சிலிண்டரை வைத்துவிட்டு இரண்டு நிமிஷம் சொறிந்து கொடுத்துவிட்டுத்தான் போனார். "கொஞ்சம் காவலுக்கும் இருக்கும்" என்ற எண்ணம் இருந்தால் இந்த இனம் உங்களுக்கு வேண்டாம்.

இன்னொரு குழப்பம், லாசா ஆப்ஸோ என்ற வேறொரு சடை நாய் இனம். குட்டியில் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம், விற்பவர்களும் மாற்றிச் சொல்வார்கள். குணம் நேர் எதிர். லாசா புது ஆட்களைச் சந்தேகத்தோடு பார்க்கும், தள்ளி நிற்கும், குரைக்கும். ஷிட்ஸு யார் வந்தாலும் நண்பன் என்றே நினைக்கும். நிறைய விருந்தினர் வந்துபோகும் வீட்டில் இந்த வித்தியாசம் பெரிய விஷயம்.

2. உங்கள் நாளை ஒரு தாளில் எழுதுங்கள்

இதைச் செய்யாமல் நான் வாங்கினேன். அப்போது வீட்டில் காலை ஒன்பதரை முதல் மாலை ஐந்து வரை ஆள் கிடையாது, மாமியாரும் ஊரில் இருந்தார். ஏழரை மணி நேரம். ஷிட்ஸு குட்டிக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

வளர்ந்த ஷிட்ஸு, பழக்கினால், நாலைந்து மணி நேரம் தனியாக இருக்கும். குட்டியால் முடியாது. சிறுநீர் அடக்குவதற்கே ஒரு கணக்கு உண்டு. எத்தனை மாத வயதோ அதோடு ஒன்றைக் கூட்டினால் வரும் மணி நேரம்தான் ஏறக்குறைய அதன் எல்லை. இரண்டு மாதக் குட்டி என்றால் மூன்று மணி நேரம், அதுவும் நல்ல நாளில்.

ஆகவே முதல் மூன்று மாதத்துக்கு வீட்டில் யார் இருப்பார் என்று பெயர் போட்டு எழுதுங்கள். "பார்த்துக்கலாம்" என்று எழுதாதீர்கள். பெயர் வரவில்லை என்றால் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள். மாதமும் முக்கியம். நாங்கள் மணியை ஏப்ரல் கடைசியில் கூட்டிவந்தோம். அடுத்த வாரமே அக்னி நட்சத்திரம். சப்பை மூக்கு நாய்க்குச் சென்னையில் அதைவிட மோசமான வரவேற்பு இருக்க முடியாது. அக்டோபரில் வாங்கலாமா என்றால் தீபாவளி வெடிச் சத்தம் குட்டியின் மனதில் பயமாகவே பதிந்துவிடும். டிசம்பர், ஜனவரிதான் என் கணக்கில் நல்ல மாதங்கள்.

3. குட்டியின் குணத்தைப் பார்க்க அம்மாவைப் பாருங்கள்

நாங்கள் வாங்கியது ஓர் இடைத்தரகரிடம். வாட்ஸ்அப்பில் படம் வந்தது, ஒரு மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் கூடையோடு ஒருவர் வந்தார், 22,000 ரூபாய் கொடுத்து வாங்கினோம். "அறுபது நாள் ஆச்சு மேடம்" என்றார். மறுநாள் டாக்டர் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார், எடை போட்டார். "ஆறு வாரம் இருந்தா அதிகம்" என்றார்.

இரண்டு வாரத்தில் என்ன வந்துவிடும் என்று தோன்றும். நிறையவே வரும். அந்த வயதில்தான் குட்டி தன் கூடப் பிறந்தவற்றோடு உருண்டு புரண்டு விளையாடி, எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்று கற்றுக்கொள்கிறது. அழுத்திக் கடித்தால் மற்றது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். அந்தப் பாடம் மணிக்குக் கிடைக்கவில்லை. அதை என் மகளின் கணுக்காலில் கற்றுக்கொண்டான்.

2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்கம், விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். கேட்டதும் முகம் மாறினால் அங்கேயே கிளம்பிவிடுங்கள்.

நேரில் போனால் நான்கு விஷயங்களைப் பாருங்கள். முதலில் தாய் நாய். அது உங்களிடம் வாலாட்டிக்கொண்டு வருகிறதா, மூலையில் ஒடுங்குகிறதா? பயந்த தாயின் குட்டிகளிடம் அந்தப் பயம் பெரும்பாலும் இருக்கும். அடுத்து, குட்டிகளை விட்டுக் கொஞ்சம் தள்ளித் தரையில் உட்காருங்கள். ஓடிவந்து மேலே ஏறி மிதிப்பது துடுக்கானது, மூலையை விட்டு வராதது கூச்சமுள்ளது. முதல் தடவை வளர்ப்பவருக்கு, கொஞ்சம் யோசித்துவிட்டு வந்து முகர்ந்து பார்க்கும் நடு ரகம்தான் சரி. மூன்றாவது, சாவிக்கொத்தைத் தரையில் போடுங்கள். திடுக்கிட்டாலும் பரவாயில்லை, ஒரு நிமிஷத்துக்குள் அது என்னவென்று பார்க்க வர வேண்டும். நான்காவது, மல்லாக்க மடியில் போட்டு லேசாகப் பிடியுங்கள். கொஞ்சம் நெளிந்துவிட்டு அடங்கினால் நல்லது. இதையெல்லாம் ஜோசியம் மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு குட்டி பிற்காலத்தில் எப்படி ஆகும் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. மிக மோசமான தேர்வைத் தவிர்க்க உதவும், அவ்வளவுதான்.

அப்புறம் விற்பனைப் பேச்சு. "டீ கப் ஷிட்ஸு", "இம்பீரியல்" என்று கூடுதல் விலை சொல்வார்கள். அப்படி அங்கீகரிக்கப்பட்ட தனி ரகம் எதுவும் கிடையாது. சிறுத்துப்போன குட்டியையோ வயது குறைந்த குட்டியையோ அந்தப் பெயரில் தள்ளிவிடுவார்கள். "முடி கொட்டாது, அலர்ஜியே வராது" என்பதும் பாதி உண்மைதான். முடி குறைவாகக் கொட்டும் என்பது சரி. அலர்ஜியைக் கிளப்புவது எச்சிலிலும் தோல் செதிலிலும் இருக்கிறது, அது எல்லா நாய்க்கும் உண்டு. வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால், ஷிட்ஸு வளர்க்கும் தெரிந்தவர் வீட்டில் இரண்டு மூன்று முறை போய் உட்கார்ந்துவிட்டு வந்து முடிவெடுங்கள்.

4. காகிதங்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், குணத்துக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. ஆனால் விட்டால் தலைவலி.

விற்பவரிடமிருந்து பிறந்த தேதி எழுதிய ரசீது, தடுப்பூசி அட்டை, பூச்சி மருந்து கொடுத்த விவரம் இவை வேண்டும். தடுப்பூசி அட்டையில் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரும் டாக்டரின் முத்திரையும் இல்லை என்றால், அந்த ஊசி போடவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் அட்டையில் பேனாவால் "டன்" என்று மட்டும் எழுதியிருந்தது. டாக்டர் ஆரம்பத்திலிருந்து மறுபடி போட்டார்.

"பேப்பர் உள்ள குட்டி" என்பது கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் பதிவுச் சான்றிதழ் உள்ள குட்டி. அதன் தலைமை அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. சான்றிதழில் உள்ள மைக்ரோசிப் எண்ணும் குட்டியின் உடம்பில் ஸ்கேன் செய்தால் வரும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பேப்பருக்காகப் பத்து, பதினைந்தாயிரம் கூடக் கேட்பார்கள். அது வம்சத்துக்கான ஆதாரம்தான். நல்ல சுபாவத்துக்கு எந்தப் பேப்பரும் கியாரண்டி தராது.

மாநகராட்சி உரிமம் கட்டாயம். ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். உங்கள் போட்டோ, முகவரிச் சான்று, நாயின் போட்டோ, வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்று இவை வேண்டும். கட்டணம் 50 ரூபாய், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். 2025ல் மைக்ரோசிப்பையும் கட்டாயமாக்கி, உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். திரு.வி.க. நகர், நுங்கம்பாக்கம், கண்ணம்மாபேட்டை போன்ற இடங்களில் மாநகராட்சியின் செல்லப்பிராணி சிகிச்சை மையங்கள் இருக்கின்றன. வெறிநாய்க்கடி ஊசியைப் பன்னிரண்டு வாரத்துக்கு மேல்தான் போடுவார்கள், ஆகவே குட்டி வந்த மறுநாளே உரிமம் எடுக்க முடியாது. அந்த ஊசி போட்ட வாரமே விண்ணப்பித்துவிடுங்கள்.

அசோசியேஷன் "நாய் கூடாது" என்று தீர்மானம் போட்டால் பயப்பட வேண்டாம். அப்படித் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. அதைப் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போகாதீர்கள். லிஃப்டில் ஒரு முறை மூச்சா போனதைத் துடைக்காமல் வந்தால், எந்த வழிகாட்டுதலும் உங்களைக் காப்பாற்றாது.

5. முதல் ஆறு வாரம்: பார்க்கட்டும், கேட்கட்டும்

நாய்க்குட்டியின் மனம் திறந்திருக்கும் காலம் மிகவும் குறுகியது. மூன்றாவது வாரத்தில் தொடங்கிப் பன்னிரண்டு, பதினாலாவது வாரத்தோடு கதவு மெல்ல மூடிக்கொள்ளும். அதற்குள் பார்த்ததும் கேட்டதும் சாதாரணம், அதற்கப்புறம் புதிதாக வருவது சந்தேகத்துக்குரியது.

இதில் ஒரு சிக்கல். தடுப்பூசிகள் பதினாறாவது வாரம் வரை போகும், அது முடியும்வரை தெருவில் இறக்காதே என்பார்கள். குட்டிகளின் உயிரையே எடுக்கும் பார்வோ வைரஸ் பற்றிய பயம் நியாயமானதே. நாங்களும் அவர்கள் சொன்னதைக் கேட்டு, மணியை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்தோம். நான்கு மாதத்தில் முதல்முறை வெளியே இறக்கியபோது ஆட்டோ ஹார்னுக்கு நடுங்கி மூச்சா போய்விட்டான்.

கால் தரையில் படக் கூடாது, அவ்வளவுதானே? தூக்கிக்கொண்டு போங்கள். காய்கறிக் கூடையில் ஒரு துண்டை விரித்து உட்காரவைத்து, தினம் பத்து நிமிஷம் கேட் வரை போய் நில்லுங்கள். குப்பை வண்டியின் பாட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஹெல்மெட் போட்டவர், கைத்தடி ஊன்றும் தாத்தா, குடை. ஒவ்வொன்றையும் பார்க்கும்போது வேகவைத்த கோழியில் நகக்கண் அளவு ஒரு துண்டு கொடுங்கள். வீட்டுக்குள் மிக்ஸி, குக்கர் விசில், வாஷிங் மெஷின். இதற்கெல்லாம் ஒரு ரூபாய் செலவில்லை.

சீப்பையும் நகவெட்டியையும் இதே வாரங்களில் அறிமுகம் செய்துவிடுங்கள். ஷிட்ஸுவின் முடி வாழ்நாள் முழுக்க வளரும். வாழ்நாள் முழுக்கச் சீவ வேண்டும். சீப்பைக் கண்டால் உறுமும் ஷிட்ஸுவோடு பதினைந்து வருஷம் ஓட்டுவதை நினைத்துப் பாருங்கள்.

6. தனிமை: இந்த இனத்தின் பலவீனம்

மணி என் நிழல். பாத்ரூம் போனால் கதவுக்கு வெளியே மூக்கு தெரியும். அழகாகத்தான் இருக்கும், ஆனால் அந்தப் பாசத்தை அப்படியே வளரவிட்டால் நீங்கள் படியிறங்கும் சத்தத்துக்கே அழ ஆரம்பிக்கும்.

புகார் வந்த பிறகு ஒரு பழைய போனை அலமாரியில் சாய்த்து வைத்து வீடியோ எடுத்தேன். நாள் முழுக்க அழுகிறான் என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில் முதல் இருபது நிமிஷம்தான் கதவைச் சுரண்டி ஊளையிட்டான். அப்புறம் என் செருப்பைக் கவ்விக்கொண்டு வந்து, அதன்மேல் தலைவைத்துத் தூங்கிவிட்டான். பிரச்சினை ஏழரை மணி நேரம் இல்லை, இருபது நிமிஷம் என்று தெரிந்ததே பெரிய நிம்மதி. அந்த வீடியோவைப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் காட்டினேன். மனிதர் செருப்புக் கட்டத்தில் சிரித்துவிட்டார்.

பழக்கிய விதம் இது. சாவியை எடுத்துவிட்டு வெளியே போகாமல் மறுபடி உட்கார்ந்துவிடுவேன், ஒரு நாளைக்குப் பத்து தடவை. சாவிச் சத்தத்துக்கு அர்த்தம் இல்லாமல் போனது. பிறகு கதவை மூடி வெளியே முப்பது விநாடி. அழுவதற்கு முன்பே உள்ளே வந்துவிட வேண்டும், அழுத பிறகு வந்தால் அழுதால் வருவாள் என்று கற்றுக்கொள்ளும். ஒரு நிமிஷம், மூன்று, பத்து, அரை மணி என்று ஏற ஐந்து வாரம் ஆனது. போகும்போது கொஞ்சிவிட்டுப் போகக் கூடாது, வந்ததும் ஆர்ப்பாட்டம் கூடாது. என் மாமியார் ஊரிலிருந்து வந்ததும் இந்த விதி காற்றில் பறந்தது. ஆனால் அவர் பகல் முழுக்க வீட்டில் இருந்ததால் கணக்கு சரியாகிவிட்டது.

இரண்டு மாதம் பழக்கியும் நாய் எச்சில் வடித்து, நகம் உடையக் கதவைச் சுரண்டினால், அது அடம் இல்லை, பதற்ற நோய். டாக்டரிடம் காட்டுங்கள்.

7. முடிக்குள் ஒளிந்திருக்கும் முகத்தைப் படியுங்கள்

மற்ற நாய்களிடம் வாலும் காதும் கண்ணும் பேசும். ஷிட்ஸுவின் வால் இயல்பாகவே முதுகின்மேல் சுருண்டிருக்கும், காது தொங்கல், கண்மேல் முடி. எதையும் படிக்க முடியாது. "திடீர்னு கடிச்சிருச்சு" என்று ஷிட்ஸுக்காரர்கள் சொல்வதில் பாதி, அது முன்னாலேயே சொன்னதை நாம் பார்க்காததுதான்.

நான் பழகிக்கொண்ட அடையாளங்கள்: முதுகிலிருந்து வால் இறங்கிவிட்டால் ஏதோ சரியில்லை. சாப்பாடு எதுவும் இல்லாமலே உதட்டை நக்கினாலோ தூக்கம் வராமலே கொட்டாவி விட்டாலோ "எனக்கு இது பிடிக்கலை" என்று அர்த்தம். தலையை மட்டும் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்தால், நிறுத்திவிடுங்கள். உடம்பு கல் மாதிரி இறுகி அசையாமல் நின்றால் அடுத்தது பல்தான். உறுமியதற்காகத் திட்டாதீர்கள். உறுமலை அடக்கினால், அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமலே கடிக்கும்.

ஏழாவது மாதத்தில் மணி என் வீட்டுக்காரரைப் பார்த்து உறும ஆரம்பித்தான். இடது பக்கமாகக் கை நீட்டினால் மட்டும். "பொசசிவ் ஆயிட்டான், அடிச்சு வளர்க்கணும்" என்று அறிவுரை சொன்னவர்கள் நிறைய. டாக்டர் இடது கண்மேல் தொங்கிய முடியை விலக்கினார். பீளை காய்ந்து ஒட்டியிருந்தது. பச்சையும் மஞ்சளுமான ஒரு சொட்டு சாயம் விட்டு, அறை விளக்கை அணைத்து, நீல டார்ச் அடித்தார். கருவிழியின் நடுவே மிளகளவில் ஒரு புள்ளி பச்சையாக ஒளிர்ந்தது. முடி குத்திக் குத்திப் புண் ஆகியிருக்கிறது. அந்தப் பக்கம் சரியாகத் தெரியாமல், வலியும் சேர்ந்து, கை வந்தால் பயந்திருக்கிறான். மூன்று வாரம் சொட்டு மருந்து, கண்ணைச் சொறியாமல் இருக்கக் கழுத்தைச் சுற்றி ஒரு கோன், 6,500 ரூபாய். புண் ஆறியதும் உறுமலும் போய்விட்டது.

அதிலிருந்து எனக்கு ஒரு விதி: குணம் திடீரென்று மாறினால் முதலில் உடம்பைப் பார். ஷிட்ஸுவுக்கு என்றால் கண், காது, பல், முழங்கால் என்ற வரிசையில் பார்க்கச் சொல்வேன். அதோடு முடிச் சிக்கு. அக்குளில் சிக்கு விழுந்தால் ஒவ்வொரு அடிக்கும் தோலை இழுக்கும். தூக்கினால் கடிப்பதற்கு அது போதும். நாங்கள் ஐந்து, ஆறு வாரத்துக்கு ஒரு முறை உடம்பு முழுக்கக் குட்டையாக வெட்டிவிடுகிறோம். ஒரு தடவைக்கு 1,200 ரூபாய். கண் ஓரத்து முடியை மட்டும் வாரம் ஒரு முறை நானே ஒதுக்கிவிடுகிறேன்.

8. சோம்பேறி இல்லை, சூடு தாங்கவில்லை

மூக்கு சப்பையாக இருப்பதால் மூச்சிரைத்து உடம்பைக் குளிர்விக்கும் வேலை இதற்குச் சரியாக நடக்காது. நடக்கப் போன இடத்தில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டால் பிடிவாதம் என்று இழுக்காதீர்கள். காலை ஆறரைக்குள், இரவு ஏழுக்கு மேல், அதுவும் இருபது நிமிஷம் போதும். தார் ரோட்டில் உங்கள் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள், உங்களால் முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது. கழுத்துப் பட்டை வேண்டாம், மார்பில் மாட்டும் ஹார்னஸ் வாங்குங்கள்.

நாக்கு கருஞ்சிவப்பாகி, மூச்சு கரகரவென்று கேட்டு, தள்ளாடினால் உடனே நிழல், சாதாரணத் தண்ணீரால் வயிறும் தொடையும் நனைய ஊற்றல், காற்று, நேரே டாக்டர். மே மாதத்தில் பகலில் ஏசியோ கூலரோ வேண்டியிருக்கும் என்பதைக் கரண்ட் பில்லில் இப்போதே சேர்த்துவிடுங்கள்.

ஒரு தனிக் குறிப்பு. சில நேரம் கழுத்தை நீட்டி, பன்றி உறுமுவது போல மூச்சை உள்ளே இழுத்து இழுத்து ஒரு சத்தம் போடும். முதல்முறை கேட்டபோது உயிர் போகிறது என்று லுங்கியோடு தூக்கிக்கொண்டு ஓடினார் என் வீட்டுக்காரர். தலைகீழ்த் தும்மல், அவ்வளவுதான். தொண்டையை மெல்லத் தடவினால் ஒரு நிமிஷத்துக்குள் நின்றுவிடும். அடிக்கடி வந்தால் மட்டும் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

9. கக்கா, மூச்சா: எட்டு மாதம் பொறுங்கள்

இந்த விஷயத்தில் ஷிட்ஸு மெதுவாகத்தான் கற்கும். எங்களுக்கு எட்டு மாதம் ஆனது. எழுந்ததும், சாப்பிட்டுப் பத்து நிமிஷத்திலும், விளையாடி முடித்ததும் ஒரே இடத்துக்குத் தூக்கிப் போங்கள். எங்களுக்கு அது பால்கனி மூலையில் ஒரு தட்டு. அங்கே போனால் அந்த விநாடியே ஒரு துண்டு கோழி. ஒரு நிமிஷம் கழித்துக் கொடுத்தால் எதற்குக் கிடைத்தது என்று அதற்குத் தெரியாது.

தப்பான இடத்தில் போனால் மூக்கைத் தேய்ப்பது, அடிப்பது எல்லாம் வேண்டாம். நான் ஒரு முறை கத்தினேன். அதிலிருந்து அவன் கற்றுக்கொண்டது, "இவள் பார்க்கும்போது போகக் கூடாது" என்பதை மட்டும்தான். அதனால்தான் சோபாவுக்குப் பின்னால் போனான். துடைக்கும்போது பினாயில் மட்டும் போதாது, வாசனை நின்றால் அதே இடத்துக்குத் திரும்ப வரும். இதற்கென்று என்சைம் கலந்த திரவம் 400, 500 ரூபாய்க்குக் கிடைக்கிறது.

தன் கக்காவைத் தானே தின்னும் பழக்கமும் இந்த இனத்தில் சகஜம். அருவருப்பாக இருக்கும். கத்தினால் போட்டிக்கு வருகிறாய் என்று இன்னும் வேகமாகத் தின்னும். உடனுக்குடன் எடுத்துவிடுவது ஒன்றுதான் வழி. பூச்சி மருந்து ஒழுங்காகப் போகிறதா என்றும் பாருங்கள்.

10. வீட்டுக்காரர்களைப் பழக்குவது

நாயைவிட இது கஷ்டம். ஷிட்ஸுவுக்குத் தெரிந்த பெரிய வித்தை, யாரிடம் கெஞ்சினால் கிடைக்கும் என்பது. எங்கள் வீட்டில் ஒரு கட்டத்தில் உணவை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துவிடுவான். பட்டினியா என்று பதறினேன். பார்த்தால் மாமியார் தினமும் டீயில் தோய்த்த பிஸ்கட்டும் நெய் போட்ட இட்லியும் கொடுத்திருக்கிறார். ஐந்தரை கிலோ நாய்க்கு அரை கிலோ கூடுவது என்பது பதினொன்றில் ஒரு பங்கு, அந்த முழங்காலுக்கு அது அதிகம்.

நாங்கள் செய்த சமாதானம்: மாமியார் கொடுக்கலாம், ஆனால் காலையிலேயே அளந்து ஒரு சின்னக் கிண்ணத்தில் வைத்த நாய் உணவிலிருந்து மட்டும். சாக்லேட், வெங்காயம், பூண்டு, திராட்சை கூடவே கூடாது. பாயசத்தில் உள்ள உலர் திராட்சையும் இதில் சேரும் என்று சமையலறையில் ஒட்டிவைத்திருக்கிறேன்.

குழந்தைகள் ஐந்து வயதுக்குக் கீழே இருந்தால் கொஞ்சம் காத்திருங்கள் என்பேன். ஷிட்ஸு குழந்தைகளோடு நன்றாகவே ஒட்டும். பயம் நாய்க்குத்தான். சோபா உயரத்திலிருந்து கை நழுவி விழுந்தாலே கால் உடையும்.

11. முதல் வருடச் செலவு

எழுதி வைத்த நோட்டிலிருந்து அப்படியே தருகிறேன். தடுப்பூசி, பூச்சி மருந்து, டாக்டர் கட்டணம் 6,000. உணவு மாதம் 1,800 வீதம் 21,600. முடி வெட்ட ஆறு தடவை 7,200. உண்ணி மருந்து மாதம் 600 வீதம் 7,200. சென்னையில் இதை ஒரு மாதம்கூட விடக் கூடாது, உண்ணிக் காய்ச்சல் உயிரையே எடுக்கும். படுக்கை, தடுப்பு வேலி, ஹார்னஸ், சீப்பு, தட்டு 7,500. கண் வைத்தியம் 6,500. மொத்தம் 56,000. இதில் குட்டியின் விலையும் கரண்ட் பில்லும் சேரவில்லை. மாதம் ஐயாயிரம் உறுத்தாமல் ஒதுக்க முடிந்தால் இறங்குங்கள்.

12. ஊருக்குப் போகும்போது

முதல்முறை விட்டுப் போகும் முன் ஓர் இரவு ஒத்திகை பாருங்கள். நாய் விடுதியோ நண்பர் வீடோ, ஒரே ஒரு இரவு, நீங்களும் ஊரிலேயே இருக்கும்போது. சாப்பிட்டதா, தூங்கியதா என்று கேளுங்கள். தடுப்பூசி அட்டையைக் கேட்காமலே சேர்த்துக்கொள்ளும் விடுதி என்றால் விட வேண்டாம், மற்ற நாய்களையும் அப்படித்தான் சேர்த்திருப்பார்கள்.

ரயிலில் கூட்டிப்போவதென்றால் ஏசி முதல் வகுப்பில் கூபே அல்லது கேபின் முழுவதும் உங்கள் குழுவுக்கே இருக்க வேண்டும். கூபேயில் இரண்டு படுக்கை. பார்சல் அலுவலகத்தில் நாய்க்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். டாக்டரின் உடல்தகுதிச் சான்று கையில் இருக்கட்டும். ரயில் கார்டு இருக்கும் பெட்டியில் நாய்க்கூண்டு உண்டு, விலை குறைவு, ஆனால் ஷிட்ஸுவை அதில் போடாதீர்கள். சூடு ஒரு பக்கம், தனிமை ஒரு பக்கம். விமானத்திலும் சப்பை மூக்கு இனங்களைச் சரக்குப் பகுதியில் ஏற்றப் பல நிறுவனங்கள் மறுக்கும், டிக்கெட் எடுக்கும் முன் கேட்டுவிடுங்கள்.

விட்டுப் போகும் பையில் அதன் சாப்பாடு, மருந்து, டாக்டர் எண் எழுதிய சீட்டு, அப்புறம் உங்கள் வாசனை உள்ள துவைக்காத ஒரு துணி. மணிக்கு நாங்கள் கொடுத்தனுப்புவது என் பழைய ஒற்றைச் செருப்பு. விடுதிக்காரர் முதல்முறை அதைத் தவறுதலாக வந்தது என்று நினைத்து, போன் பண்ணித் திருப்பித் தரவா என்று கேட்டார்.